அண்ணி அனுப்பிய நூல்

மாடி அறைக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர் பாதி அழிந்து போயிருந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். உள்ளே எம்பிராய்டரி நூல்கண்டுகள், கை கொள்ளும் அளவுக்கு. சிவப்பிலேயே வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று வகை வகையாக. கூடவே துணி மாட்டித் தைக்க ஒரு புது வளையம், ஊசிப் பாக்கெட், தலையணை அளவுக்கு வெட்டிய வெள்ளைத் துணி. கொடுத்தனுப்பியவர் கீழ்வீட்டில் இருந்த என் அண்ணி, அதாவது அண்ணன் மனைவி. நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தொற்று வந்து தனி அறையில் கிடக்கிற ஒருத்திக்கு யாராவது இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பினால் மனம் நிறைய வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம்.

அண்ணியைத் தெரிந்தவர்கள் இதற்காக என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஓர் ஊக்கு கேட்டால்கூட "எதுக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் தாலிக்கொடியிலிருந்து கழற்றித் தருவார். சாயங்காலம் ஞாபகமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார். நான் ஒரு தனியார் பள்ளியில் தையல் டீச்சராக இருக்கிறேன். அதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. "ஊசியும் நூலுமா ஒக்காந்துகினு இருந்தா உல கொதிச்சிடுமா?" என்பார், என் காதில் விழும்படி பாத்திரத்தோடு பேசுவதுபோல. திருக்கோவிலூரில் வாழப்போன இடம் சரிப்படாமல் நான் கள்ளக்குறிச்சிக்குப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாத்தனார் திரும்பி வந்த வீட்டில் அண்ணிமார் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் அவரும் இருந்தார். முகத்துக்கு நேராக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நான் சமையலறைக்குள் போய்விட்டு வந்தால், டப்பா மூடிகள் சரியாக இருக்கின்றனவா என்று உள்ளே போய்ப் பார்ப்பார். நானும் சும்மா இருந்தவள் இல்லை. அவர் தன் அம்மா வீட்டோடு ஃபோனில் பேசும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், என் காது நிமிர்ந்துகொள்ளும். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. நம்பிக்கையும் கிடையாது. நடுவில் அம்மா இருந்தாள், அதனால் வீடு ஓடியது.

அது கொரோனாவின் இரண்டாவது அலை வந்த கோடை. முதலில் அம்மாவுக்குக் காய்ச்சல், அடுத்து எனக்கு. எனக்கு முதலில் மூக்கும் நாக்கும் மட்டும்தான் போயின. அம்மாவுக்கு மூச்சு இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது நான் மாடி ஜன்னலில் இருந்தேன், கீழே இறங்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். கவச உடை போட்ட இரண்டு பேர் அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் அம்மா திரும்பினாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப் போவுது," என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். அண்ணனும் அண்ணியும் கீழே, நான் மேலே, அம்மா ஆஸ்பத்திரியில் என்று மூன்றாகப் பிரிந்தோம்.

முதல் சில நாட்கள் சேதி ஒழுங்காக வந்தது. அம்மாவிடம் ஃபோன் கிடையாது. அண்ணன் காலையில் ஆஸ்பத்திரி வாசல்வரை போய் யாரிடமாவது விசாரித்து வருவான். வந்ததும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். அம்மாவுக்கு இட்லி கல் மாதிரி இருக்கிறதாம். பக்கத்துக் கட்டில்காரி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாளாம். ரெக்ஸின் தலையணையில் கழுத்தெல்லாம் வேர்க்கிறதாம். குறை சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பாக இருந்தது. குறை சொல்கிற அம்மாதான் நல்லபடியாக இருக்கிற அம்மா.

அந்த மஞ்சள் பை வந்த காலையில் அண்ணி படிக்கட்டின் கீழிருந்து குரல் கொடுத்தார். "கண்ணு, நூலு பாத்தியா? அத்தைக்கி ஒரு தலகாணி ஒற தெச்சி வையேன். பூப்போட்டு. வந்தா தலைக்கி வெச்சிப்பாங்க." நான் 'சரிங்க அண்ணி' என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. கண்ணு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னை 'இந்தா', 'இன்னா', 'டீச்சரு' என்றெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். 'கண்ணு' என்று பசுமாட்டைக் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்த நேரம் அது. காய்கறி வண்டியே நாள்விட்டு நாள் வந்தது. அப்படியிருக்க இந்த நூல் எங்கிருந்து வந்தது? கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற பாய்க்கு எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் வீடு. அவரிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஊக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிற மனுஷி, எனக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஏன்?

ஊசியில் நூலைக் கோத்தேன். என்ன சந்தேகமாக இருந்தாலும் கை தன் வேலையைப் பார்க்கும். துணியின் மூலையில் பென்சிலால் ஒரு கொடி வரைந்தேன். கொடிக்குக் காம்புத் தையல், இலைக்குச் சங்கிலித் தையல், பூவின் நடுவே முடிச்சுத் தையல். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான், ஆனால் வருடக்கணக்கில் எனக்காக நான் ஒன்றும் தைத்ததில்லை. அந்த நாட்களில் ஊரே கைவேலையில் இறங்கியிருந்தது. கூட வேலை பார்த்த டீச்சர்கள் ஒயர் கூடை பின்னி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஒருத்தி காலி பாட்டிலுக்கெல்லாம் பாவாடை கட்டிப் பொம்மை என்றாள். இன்னொருத்தி வீட்டிலிருந்த புடவைகள் அத்தனைக்கும் குஞ்சம் கட்டி முடித்துவிட்டு, கட்டுவதற்கு வேறு ஏதும் இல்லை என்று அழுகிற முகம் போட்டிருந்தாள். எல்லாருக்கும் தெரியும், பயத்தை விரலுக்குக் கொடுத்துவிட்டால் தலை கொஞ்சம் சும்மா இருக்கும். பேருந்து ஓடாததாலும் புகை இல்லாததாலும் கல்வராயன் மலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதுபோலத் தெரிந்தது. மடிப்பு மடிப்பாக, மரம் மரமாக. இத்தனை வருடம் இதே ஜன்னலில் பார்த்ததில் அது வெறும் நீலக் கோடு. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் திடீரென்று நன்றாகத் தெரிந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றுகிற புத்தி என் புத்தி.

அன்றைக்கு அண்ணன் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. ஃபோனில் பேசினான். "அம்மா தூங்கிக்கினு இருக்காங்களாம். நீ ரெஸ்ட் எடு." அடுத்த நாளும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் தூங்கினால் உடம்பு ஊதிவிடும் என்று நம்பியவள் என் அம்மா. நான் ஒரு சின்ன சோதனை வைத்தேன். அண்ணியிடம், "பூ என்ன கலர்ல போடட்டும்னு அம்மாவைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க அண்ணி," என்றேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. "உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க கண்ணு." என் அம்மா எதையும் அடுத்தவர் இஷ்டத்துக்கு விட்டவள் இல்லை. கோலத்தில் நான் போட்ட கலர்ப்பொடியை அழித்துவிட்டு வேறு போட்டவள். என் கல்யாணப் புடவையின் நிறத்தையே அவள்தான் முடிவு செய்தாள், நான் கடையில் வாயைத் திறக்கவில்லை. அவள் பேச முடியாத நிலையில் இருக்கிறாள், அல்லது அதைவிட மோசம். அதற்கு மேல் யோசிக்காமல் ஊசியைக் குத்தினேன், அது விரலில் ஏறியது.

அதிலிருந்து நான் வீட்டை வேவு பார்க்கத் தொடங்கினேன். அதில் ஒரு கஷ்டம் இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு என்னென்ன அடையாளம் உண்டோ, அத்தனையும் தொற்று வந்த வீட்டுக்கும் இருந்தது. வாசலில் கோலம் இல்லை, காகிதம் ஒட்டிய அன்றே நின்றுவிட்டது. அண்ணி தலையில் பூ இல்லை, பூக்காரியே வருவதில்லை. அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அதை முதல் நாளிலிருந்தே செய்தார்கள். சாதாரணமாக எங்கள் தெருவில் சாவு என்றால் பந்தல், மேளம், சுவர் சுவராகப் போஸ்டர் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த மாதத்தில் தெருக்கோடியில் போன உயிர்கூட எங்களுக்கு ஃபோனில்தான் தெரிந்தது. சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவை எடுத்துப் பார்த்தேன். தினமும் மூன்று வேளையும் கஷாயம் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்த குழு அது. மஞ்சள் பை வந்த நாளோடு அதில் கஷாயம் நின்றிருந்தது. காலை வணக்கம்கூட இல்லை. வடக்கனந்தல் மாமா ஒரு நாள் விடாமல் பூப்படம் போடுவார், அவரும் மௌனம். இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் அவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அண்ணன் கடைசியில் ஒரு நாள் வேப்பமரத்தடிக்கு வந்தான். முகக்கவசத்தை இறக்கவே இல்லை. தலையில் துண்டைச் சுற்றியிருந்தான். வெயில் என்றான். வெயில்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம், அவன் தலையில் முடி இருக்கிறதா, உதட்டுக்கு மேல் மீசை இருக்கிறதா. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அந்த இரண்டையும் அரசாங்கமும் வெயிலும் சேர்ந்து மூடிவைத்திருந்தன. "அண்ணா, துண்டை எடுடா, முகமே தெரியல," என்றேன் விளையாட்டுப்போல. "சளி புடிச்சிக்கினு இருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். வெயில் என்றவனுக்கு அதற்குள் சளி பிடித்துவிட்டது.

அண்ணி மட்டும் தவறாமல் வந்தார். படிக்கட்டின் மேல் படியில் தட்டை வைப்பார், நான்கு படி இறங்கி நின்றுகொண்டு கூப்பிடுவார். "இன்னிக்கி இன்னா தெச்ச?" நான் வளையத்தைக் கதவிடுக்கில் நீட்டிக் காட்டுவேன். "நல்லாக் கீது," என்பார். எம்பிராய்டரி நன்றாக இருக்கிறது என்று அண்ணி வாயால் கேட்பதற்கு நான் சாகக் கிடக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் முடியுமுன்னே அடுத்த துணி வந்துவிடும். ஒரு தடவை குரோஷா ஊசியும் உல்லன் நூலும் அனுப்பினார். டீப்பாய்க்கு விரிப்பு பின்னச் சொன்னார். எங்கள் வீட்டில் டீப்பாயே கிடையாது. என் கை ஓய்ந்தால் நான் கேள்வி கேட்பேன் என்று அவர் பயப்படுகிறார் என்பது எனக்கு விளங்கியது. விளங்க விளங்க நான் இன்னும் வேகமாகத் தைத்தேன், ஏனென்றால் எனக்கும் கேட்கப் பயமாக இருந்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற அந்தச் சின்ன மெஷினில் என் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாடிப்படி ஏறி இறங்கவே முடியாத நிலையில், என் அம்மா இருக்கிறாளா இல்லையா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றிருந்தது.

தட்டில்தான் அது வெளிப்பட்டது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை எண்ணெய் காயவைத்துத் தாளிக்கமாட்டார்கள். சாம்பார், ரசம் எதுவானாலும் கொதிக்கவைத்து இறக்குவதோடு சரி. எனக்கு மணமும் ருசியும் போயிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை, எதைத் தின்றாலும் நனைத்த காகிதம் தின்பதுபோல இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அப்படி ஒரு நாள் ரசத்தைப் பார்த்தபோது அதில் கடுகு இல்லை. எண்ணெய் மிதக்கவில்லை. முந்தைய நாள் சாம்பார் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. "அண்ணி, ரசத்துல கடுகக் காணமே," என்றேன் கதவிடுக்கில், சாதாரணமாகக் கேட்பதுபோல. "கடுகு ஆயிடுச்சி. கட தெறக்கல," என்றார் அண்ணி. எங்கள் வீட்டில் கடுகு தீர்ந்த சரித்திரம் இல்லை. அண்ணி எதையும் தீரவிடுகிறவர் இல்லை.

மறுநாள் ரசத்தில் கடுகு இருந்தது. கறிவேப்பிலையும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தாளித்திருக்கிறார்கள், அப்படியென்றால் அம்மா இருக்கிறாள். இத்தனை நாள் கண்டதையும் கற்பனை செய்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்ததும் பல்லில் ஏதோ நறுக்கென்று அகப்பட்டது. விரலில் எடுத்துப் பார்த்தேன். கடுகு. முழுசாக, கருகருவென்று, உருண்டையாக இருந்தது. தட்டைச் சாய்த்து ரசத்தை ஓரமாக ஒதுக்கினேன். அத்தனை கடுகும் அடியில் கிடந்தது, ஒன்றுகூட வெடிக்கவில்லை. கறிவேப்பிலை மரத்தில் இருந்த பச்சையிலேயே இருந்தது. ரசத்தின் மேல் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நான் கேட்டேன் என்பதற்காக அண்ணி பச்சைக் கடுகை அள்ளி ரசத்தில் போட்டிருக்கிறார். ஒரு பொய்யைச் சொல்லத் துணிந்தவர், அதற்கு ஒரு கரண்டி எண்ணெயைக் காயவைக்கத் துணியவில்லை.

நான் சத்தம் போடவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டேன், கடுகு உட்பட. கையைக் கழுவிவிட்டு வந்து வளையத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா போய்விட்டாள். என்றைக்கு என்று தெரியவில்லை. யார் பார்த்தார்கள், யார் தூக்கினார்கள் என்று தெரியவில்லை. கீழே போய் அண்ணனின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. என் அம்மாவை எனக்கில்லாமல் பண்ணிவிட்டார்களே என்று இருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. நான் இப்போது கத்தினால் அவர்கள் இரண்டு பேரும் மேலே ஓடிவருவார்கள், அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். மீதியிருப்பவர்களையும் இழக்க எனக்கு மனமில்லை. தைத்த பூவைப் பிரித்தேன். பிரித்த இடத்திலேயே திரும்பத் தைத்தேன். முடிந்துவிட்டால் உறை யாருக்கு என்ற பேச்சு வரும், அதனால் அந்தப் பூவை முடியவே விடவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்பதை அன்றோடு நிறுத்தினேன். அது தப்பாகப் போயிற்று. இரண்டு வேளை நான் கேட்காமல் இருந்ததும் அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தட்டை வைத்தவர் கீழே இறங்காமல் நின்றார். "இன்னா, இன்னிக்கி ஒண்ணும் கேக்கல?" என்றார். "யார்னா ஃபோன் பண்ணாங்களா?" நான் இல்லை என்றேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று சேர்த்துக் கேட்டேன். அண்ணியிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, கதவு வழியாகவே கேட்டது. "தூங்கிக்கினு இருக்காங்க கண்ணு." அதன் பிறகு தினமும் கேட்டேன். தினமும் அவர் சொன்னார். இறந்துபோன அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டே இருந்தாள். என்னை அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். அவரை நான் ஏமாற்றுகிறேன் என்று அவருக்குத் தெரியுமோ என்கிற சந்தேகம் எனக்கு.

தனிமை முடிந்து நான் கீழே இறங்கியது ஒரு முற்பகல். அண்ணி படிக்கட்டின் கீழே மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். அண்ணன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. "குளிச்சிட்டு வா, சாப்புடலாம்," என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமல்.

"எப்போங்க அண்ணி?" என்றேன்.

எது எப்போ என்று அவர் கேட்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தார். "நூலு வாங்கியாந்தேன் பாரு, அதுக்கு மொத நாளு. பொழுது எறங்கும்போது ஃபோன் வந்துச்சி. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, ஒனக்கும் எறங்கிக்கினு இருந்துச்சில்ல. காலீல நீ கேப்ப, இன்னா சொல்றதுன்னே தெரில. கையில எதுனா குடுத்துட்டா கேக்கமாட்டன்னு பாய் வூட்டுக் கதவப் போய்த் தட்டினேன். பாவம், அவரு ஒண்ணும் கேக்காம கடையத் தெறந்து எடுத்துக் குடுத்தாரு." பிறகு அவருடைய பழைய முகம் திரும்பி வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஒனக்கு யாரு சொன்னா? உங்கண்ணனா?" என்றார்.

"கடுகுங்க அண்ணி. வெடிக்கவே இல்ல."

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். "உங்கண்ணன் அன்னிக்கே சொன்னாரு, 'ஒரு கரண்டி தாளிச்சித் தொலையேன், அவ நம்பிடுவா'ன்னு. நானும் எண்ணெய வெச்சேன். காயறதுக்குள்ள எறக்கிட்டேன். முடியல. எங்கத்தைய நான் குளிப்பாட்டல. கோடி போத்தல. வாயில ஒரு பிடி அரிசி போடல. மூஞ்சியக்கூடப் பாக்கல, பிளாஸ்டிக்குல சுத்திக் குடுத்துட்டாங்க. வந்ததுலேந்து ஒரே அடுப்புல நின்னவங்க நாங்க. தாளிக்காம இருக்கறது ஒண்ணுதான் எங்கையில மிச்சம் இருந்துச்சி. அதையும் உட்டுட்டா, அவங்க செத்ததுக்கு இந்த வூட்ல இன்னா இருக்குது? பச்சக் கடுவப் போட்டா ஒனக்கும் ஆச்சி, அவங்களுக்கும் ஆச்சின்னு பாத்தேன்."

நான் அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். சாதாரணமாக எங்கள் ஊரில் அந்த நேரத்தில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள், ஆகாதவர்கள்கூட. நாங்கள் தொட்டுக்கொள்ளவில்லை. தொடுவது அப்போது எல்லாருக்கும் மறந்திருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை. அண்ணன் கதவருகே வந்து நின்றான். தலை மழித்து, மீசை எடுத்து, யாரோ சின்னப் பையன் போல இருந்தான். கருமாதிக்குச் சில நாட்களே இருந்தன. அதை வீட்டோடு, நாலைந்து பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முடித்தோம். வடக்கனந்தல் மாமா வந்திருந்தார். நான் இல்லாத வேறொரு குழு தொடங்கி அதில்தான் எல்லாரும் அழுதார்களாம். அதை என்னிடம் அவர் ஆறுதலாகச் சொன்னார்.

இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். பேருந்தும் லாரியும் ஓடத் தொடங்கியதில் மலை பழையபடி நீலக் கோடாகிவிட்டது. எனக்கு மூக்கு திரும்பி வந்தது, ஆனால் கோணலாக, சில வாசனைகள் இன்னும் வேறு ஏதோவாகத் தெரிகின்றன. அண்ணியும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஒட்டி உறவாடுகிறோம் என்று எழுதினால் அண்ணியே நம்பமாட்டார். போன வாரம்கூட ஃப்ரிட்ஜில் இருந்த மாவு குறைந்ததற்கு என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். நானும் அவர் என்னிடம் கொஞ்சம் அன்பாகப் பேசினால் என்ன சேதி வரப்போகிறதோ என்று ஃபோனைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு நான் இருக்கிறேன், எனக்கு அவர் இருக்கிறார் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. அது எந்த நாளில் வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

கருமாதிக்கு மறுநாள். அண்ணி சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ரசம் கொதித்து இறங்கியிருந்தது. பக்கத்து அடுப்பில் தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "இன்னிலேந்து தாளிக்கலாம். நீ போடு. பொண்ணு கையால ஆரம்பிக்கட்டும்," என்றார். நான் ஒரு சிட்டிகை கடுகை எடுத்தேன். எண்ணெயிலிருந்து மெல்லப் புகை கிளம்பியது. போட வேண்டியதுதான். போட்டால் வெடிக்கும். வெடித்தால் எல்லாம் முடிந்தது, நாளையிலிருந்து இது சாதாரண வீடு. கடுகு என் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

"இன்னிக்கி வேணாங்க அண்ணி," என்றேன்.

அண்ணி என் கையைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். "நாளைக்கிப் பாத்துக்கலாம்," என்றார். இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே தட்டு வைத்து உட்கார்ந்தோம். அந்த ரசத்தைத்தான் ஊற்றிப் பிசைந்தேன். முதல் வாயை எடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணி எனக்கு முன்பே அழுதுகொண்டிருந்தார்.